தங்கத் தாதுவில் டெல்லூரைடுகளை நுண்ணோக்கியில் இனம் காண: தடுக்கி விழுந்தவன் எழுதும் வழிகாட்டி

மாதிரியில் தங்கம் நிறைய இருக்கிறது என்று அசே (உலோக அளவைக் கண்டறியும் பகுப்பாய்வு) அறிக்கை சொல்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு பொட்டு மஞ்சள்கூடக் கண்ணில் படவில்லை. இந்த நிலையில் நான் ஐந்து வாரம் உட்கார்ந்திருந்தேன். தங்கம் அத்தனை நாளும் கண்ணெதிரேதான் இருந்திருக்கிறது, வெள்ளை நிறத்தில். பைரைட்டின் விரிசல்களில் கிடந்த வெள்ளைத் துணுக்குகளை ‘ஆர்சனோபைரைட்’ என்றும், பக்கத்தில் பழுப்பேறிக் கிடந்ததை ‘தெரியாத கனிமம்’ என்றும் குறித்து வைத்திருந்தேன். முன்னது சில்வனைட், தங்கமும் வெள்ளியும் டெல்லூரியத்தோடு சேர்ந்த கனிமம். பின்னது கறுத்துப்போன ஹெஸ்ஸைட், வெள்ளியும் டெல்லூரியமும் சேர்ந்தது. இப்படி டெல்லூரியம் உலோகத்தோடு சேர்ந்த கனிமங்கள்தான் டெல்லூரைடுகள்.

நீங்கள் எதிரொளி நுண்ணோக்கியில் பைரைட், கலீனா, சால்கோபைரைட் மூன்றையும் தடுமாறாமல் சொல்லக்கூடியவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அது இன்னும் கைவரவில்லை என்றால் முதலில் ஒரு வாரம் அவற்றோடு பழகிவிட்டு வாருங்கள். டெல்லூரைடுகளை அளக்க நமக்கு இருக்கும் அளவுகோல்களே அந்த மூன்றும்தான்.

1. மாதிரியை வெட்டும் முன் அசே தாளைப் படியுங்கள்

தங்கத்துக்கு மட்டும் அசே கேட்டிருந்தால் அதே தூளில் டெல்லூரியம், வெள்ளி, பிஸ்மத், ஈயம், பாதரசம், ஆன்டிமனி ஆகியவற்றுக்கும் பகுப்பாய்வு கேளுங்கள். கூடுதல் செலவு கொஞ்சம்தான். அது மிச்சப்படுத்தும் நேரம் அதிகம்.

எண்கள் வந்ததும் ஒரு சின்னக் கணக்குப் போடலாம். தங்க டெல்லூரைடான காலவரைட்டில் தங்கம் சுமார் 43 சதவீதம், டெல்லூரியம் 56. அதாவது எடையில் டெல்லூரியம் தங்கத்தைப் போல 1.3 மடங்கு. பெட்சைட்டில் வெள்ளி ஏராளமாக இருந்தாலும் டெல்லூரியத்துக்கும் தங்கத்துக்கும் உள்ள விகிதம் அதே 1.3தான். சில்வனைட்டில் அது 2.6. ஆகவே உங்கள் மாதிரியில் டெல்லூரியம் தங்கத்தைவிட 1.3 மடங்குக்கும் குறைவாக இருந்தால், அரிதான ஒன்றிரண்டு கனிமங்களை விட்டுவிட்டால், தங்கத்தில் ஒரு பகுதி டெல்லூரைடுக்கு வெளியே இருக்கிறது என்று அர்த்தம். மஞ்சள் துணுக்கையும் தேடுங்கள். விகிதம் அதிகமாக இருந்தால் அதை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. டெல்லூரியம் ஈயத்தோடோ வெள்ளியோடோ பிஸ்மத்தோடோ போய் உட்கார்ந்திருக்கலாம்.

கைமாதிரியில் ஊதா ஃப்ளூரைட்டோ, வனேடியம் கலந்த பச்சை மைக்காவான ராஸ்கோலைட்டோ தெரிந்தால் நம்பிக்கை கூடும். கொலராடோவின் கிரிப்பிள் கிரீக்கில் ஃப்ளூரைட்டும், ஃபிஜியின் வட்டுகவுலாவில் ராஸ்கோலைட்டும் டெல்லூரைடுகளோடு சேர்ந்தே வருகின்றன. இவை இல்லை என்பதால் டெல்லூரைடு இல்லை என்று ஆகிவிடாது.

தாள் வேலையை இப்போதே முடித்துவிடுங்கள். மாதிரி எண், எடுத்த இடம், ஆழம், அசே மதிப்பு, துண்டு (நுண்ணோக்கிக்காக வெட்டி, ரெசினில் வார்த்து, பாலிஷ் செய்வது) எந்தப் பக்கத்திலிருந்து வெட்டப்பட்டது, இத்தனையும் ஒரே பதிவேட்டில் இருக்க வேண்டும். மாதிரி எண்ணைத் துண்டின் பின்புறம் கீறியும் வையுங்கள். மை, ஆல்கஹால் பட்டால் போய்விடும். எண் அழிந்த இரண்டு துண்டுகளை வைத்துக்கொண்டு எது எதுவென்று ஒரு நாள் முழுக்க விழித்தவன் நான்.

எத்தனை துண்டு? ஒன்று போதவே போதாது. டெல்லூரைடுத் துணுக்குகள் பெரும்பாலும் சில மைக்ரானிலிருந்து சில பத்து மைக்ரான் வரைதான் இருக்கும். நல்ல மாதிரியிலும் ஒரு துண்டில் இரண்டு மூன்றுதான் சிக்கலாம். ஒரே மாதிரியிலிருந்து நான்கைந்து துண்டு செய்யுங்கள். முடிந்தால் கொஞ்சம் பொடித்து, கனமான பகுதியைப் பிரித்து, அதையும் ஒரு துண்டாக வார்த்துக்கொள்ளுங்கள். காலவரைட்டின் அடர்த்தி 9-க்கு மேல், குவார்ட்ஸுடையது 2.65. பிரிப்பது கஷ்டமில்லை. ஆனால் சில்வனைட் போல எளிதில் பிளக்கும் கனிமங்கள் மாவாகிக் கழுவும் தண்ணீரோடு போய்விடும். அதனால் பொடித்த துண்டில் இல்லை என்றால், மாதிரியிலேயே இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

2. துண்டு தயாரிப்பு: பாதிப் பிழை இங்கேதான் பிறக்கிறது

ஆய்வகத்துக்கு அனுப்புகிறீர்கள் என்றால் விண்ணப்பத் தாளில் மூன்று வரி எழுதுங்கள். ‘சூடாக்கி வார்க்கும் இயந்திரம் வேண்டாம், குளிர்நிலையில் இறுகும் ரெசின் மட்டும். மென்மையான கனிமங்கள் உள்ளன, அழுத்தம் குறைவாக. கடைசி பாலிஷ் கால் மைக்ரான் டயமண்ட்.’ நான் முதல் தடவை எதுவும் எழுதவில்லை. அவர்கள் வழக்கம் போல அழுத்திச் சூடாக்கி வார்த்துக் கொடுத்துவிட்டார்கள். தப்பு அவர்களுடையது இல்லை.

சூடு ஏன் ஆகாது? ஹெஸ்ஸைட் சுமார் 150 டிகிரி செல்சியஸில் படிக அமைப்பை மாற்றிக்கொள்ளும். குளிரும்போது திரும்பி வரும், ஆனால் உள்ளே புதுசாக இரட்டைப்படிகப் பட்டைகளோடு வரும். சூடாக்கி வார்க்கும் இயந்திரங்கள் அந்த வெப்பத்தை எளிதாகத் தொடும். அப்புறம் நீங்கள் பார்க்கும் பட்டைகள் தாது உருவான காலத்தவையா, இயந்திரம் போட்டவையா என்று யாராலும் சொல்ல முடியாது.

நீங்களே செய்வதானால் வெற்றிடத்தில் ரெசினை ஊற வைத்து ஓர் இரவு இறுக விடுங்கள். பிறகு சிலிக்கன் கார்பைடு தாளில் 320, 600, 1200 என்று இறங்கி, டயமண்டில் 6, 3, 1, கால் மைக்ரான் என்று முடியுங்கள். ஒவ்வொரு படிக்கும் நடுவில் துண்டையும் கையையும் கழுவ வேண்டும். முந்தைய படியின் ஒரு மணித்துகள் ஒட்டிக்கொண்டால் போதும், இந்த மென்மையான கனிமங்களின் மேல் ஏர் ஓட்டியது போல ஆகிவிடும். அல்ட்ராசோனிக் தொட்டியில் சில விநாடிக்கு மேல் விடாதீர்கள், சில்வனைட் பிளவு வழியே பெயர்ந்து விழுந்துவிடும். கடைசிப் படியில் மிருதுவான துணியில் ரொம்ப நேரம் தேய்த்தால் பைரைட் மேடாகவும் டெல்லூரைடு பள்ளமாகவும் ஆகி, ஓரம் மழுங்கி, எதுவுமே கூர்மையாகத் தெரியாது.

எப்போதும் ஈரத்தோடுதான் அரைக்க வேண்டும், கையுறையோடு. கொலரடோயைட் பாதரச டெல்லூரைடு. டெல்லூரியம் உடம்புக்குள் போனால் மூச்சிலும் வியர்வையிலும் பூண்டு வாடை நாள்கணக்கில் அடிக்கும்.

பாலிஷ் முடிந்த அன்றோ மறுநாளோ பார்த்துவிடுங்கள். ஹெஸ்ஸைட், ஆல்டைட் (ஈய டெல்லூரைடு) போன்றவை காற்றில் மங்கிக் கறுக்கும். வைத்திருக்க வேண்டுமானால் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாலும் ஒவ்வொரு முறை பார்க்கும் முன்பும் கால் மைக்ரானில் ஒரு நிமிடம் தேய்த்துவிட்டுத்தான் நான் உட்காருகிறேன்.

3. கருவி

வெள்ளை ஒளி சற்று நீலம் கலந்த பகல் வெளிச்சம் போல இருக்கட்டும். விளக்கு மஞ்சளடித்தால் வெள்ளைக் கனிமங்கள் எல்லாமே க்ரீம் நிறமாகத் தெரியும், உங்கள் குறிப்பேடு முழுக்கக் காலவரைட்டாக நிரம்பும். போலரைசரும் அனலைசரும் (ஒளியை ஒரே திசை அதிர்வுக்கு வடிகட்டும் இரண்டு வடிப்பான்கள்; முதலாவது விளக்குப் பக்கம், இரண்டாவது கண் பக்கம்) சரியாகக் குறுக்காக இருக்கிறதா என்பதை ஒரு நல்ல பைரைட் துணுக்கில் சரிபாருங்கள். மேடையைச் சுழற்றும்போது அது ஒரே இருட்டாக இருக்க வேண்டும். எண்ணெய் லென்ஸ் இருந்தால் சந்தேகமான துணுக்குகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். காற்றில் ஒன்று போலத் தெரியும் சாயல்கள் எண்ணெயில் நன்றாகப் பிரியும்.

4. தேடும் முறை

10 மடங்கு லென்ஸில் வரிவரியாக, உழவு சால் போலப் போங்கள். துண்டின் ஓரத்தில் வடக்கு என்று ஒரு கீறல் போட்டு, மேடை அளவீடுகளைக் குறித்துக்கொண்டால் திரும்ப வரலாம். முக்கியமாகப் பார்க்க வேண்டிய இடங்கள்: பைரைட்டின் விரிசல், பைரைட்டுக்குள் உருண்டையான சிறு அடைப்பு, குவார்ட்ஸும் கார்பனேட்டும் சந்திக்கும் எல்லை. ஒரு துண்டுக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். கண் சோர்ந்தால் எல்லாம் பைரைட்டாகத் தெரியும்.

ஒன்று சிக்கியதும் பெயர் வைக்க அவசரப்படாதீர்கள். படம் எடுங்கள், அளவுக்கோடு போடுங்கள், சுற்றியிருக்கும் கனிமங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மூன்று படிகளையும் இதே வரிசையில் செய்யுங்கள்.

5. முதல் கேள்வி: மென்மையா, கடினமா?

நிறத்துக்கு முன் இதைக் கேட்டிருந்தால் என் ஐந்து வாரம் மிஞ்சியிருக்கும். டெல்லூரைடுகள் எல்லாமே மென்மையானவை. மோஸ் அளவில் பெரும்பாலும் 1.5 முதல் 3 வரைதான். பைரைட் 6-க்கு மேல், ஆர்சனோபைரைட் 5.5 முதல் 6. ஆர்சனோபைரைட்டும் வெள்ளையாக, அனலைசரில் நீலமும் ஆரஞ்சுமாக மின்னும். புதியவரைக் கவிழ்க்க இதைவிட நல்ல பொறி இல்லை.

பார்க்கும் வழி இரண்டு. முதலாவது கீறல். இரு கனிமங்களையும் தாண்டிப் போகும் ஒரு கீறலைப் பிடியுங்கள். மென்மையானதில் அது அகலமாக, ஆழமாக ஓடும். கடினமானதில் மெலிந்துவிடும் அல்லது காணாமல் போகும். இரண்டாவது, எல்லையில் தெரியும் ஒளிக்கோடு. துணுக்கின் எல்லையைக் கூர்மையாகக் கொண்டுவந்துவிட்டு மேடையை மெல்லக் கீழே இறக்குங்கள். எல்லையில் ஒரு மெல்லிய ஒளிக்கோடு நகரும். அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தக் கனிமம்தான் மென்மையானது. இதைத் தெரிந்த எல்லை ஒன்றில், சொல்லப்போனால் கலீனாவும் பைரைட்டும் தொடும் இடத்தில், பத்து முறை செய்து பழகுங்கள். மேடையை ஏற்றுகிறோமா இறக்குகிறோமா என்று குழம்பினால் பதில் தலைகீழாகிவிடும்.

6. அனலைசர் இல்லாமல்: பிரகாசமும் சாயலும்

தனியாக ஒரு துணுக்கின் நிறத்தை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுத்தான் எழுத வேண்டும். பைரைட் விழும் ஒளியில் 50 சதவீதத்துக்குச் சற்று மேலே எதிரொளிக்கும். கலீனா 43 சதவீதம் அளவு. இந்த இரண்டையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

பைரைட்டைவிடப் பிரகாசமாக, வெள்ளை அல்லது லேசான க்ரீம் என்றால் காலவரைட், கிரென்னரைட் (இதுவும் தங்க டெல்லூரைடு), சில்வனைட், ஆல்டைட், டெல்லூரோபிஸ்மத்தைட், தனி டெல்லூரியம் ஆகியவற்றின் கூட்டம். கலீனாவுக்குக் கிட்டத்தட்டச் சமமாக அல்லது மங்கலாக, சாம்பல் நிறமாக இருந்தால் ஹெஸ்ஸைட், பெட்சைட், கொலரடோயைட். இளஞ்சிவப்புச் சாயலோடு வெள்ளையாக இருந்தால் மெலோனைட்டை நினையுங்கள், அது நிக்கல் டெல்லூரைடு. கண்ணைப் பறிக்கும் ஊதாச் சிவப்பு என்றால் செம்பு டெல்லூரைடான ரிக்கார்டைட். அதைப் பார்த்தவர் மறக்க மாட்டார்.

தங்கத்தை இங்கே கோட்டை விடுபவர்களும் உண்டு. வெள்ளி அதிகம் கலந்த எலக்ட்ரம் (தங்க-வெள்ளிக் கலவை) வெளிறிப்போய் மஞ்சளே இல்லாதது போலத் தெரியும். ஆனால் அது ஐசோட்ரோபிக் (அனலைசரைப் போட்டுச் சுழற்றினாலும் இருட்டாகவே இருப்பது), அதோடு சுற்றியுள்ள எல்லாவற்றையும்விடப் பளீரென்று இருக்கும்.

7. அனலைசரைப் போட்டு மேடையைச் சுழற்றுங்கள்

பிரகாசக் கூட்டத்தை இது உடனே பிரித்துவிடும்.

சுழற்றியும் இருட்டாகவே இருந்தால் ஆல்டைட். கலீனாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் வெள்ளையாக, பளிச்சென்று இருக்கும். கலீனாவின் அடையாளமான முக்கோணக் குழிகளும் இதில் அவ்வளவாகத் தெரியாது.

சில்வனைட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அனலைசர் இல்லாமலேயே, சுழற்றும்போது க்ரீம் வெள்ளைக்கும் பழுப்புச் சாயலுக்கும் மாறும். அனலைசரைப் போட்டதும் துணுக்கு முழுக்க இணையான பட்டைகள் விழும், விசிறி மடிப்பைப் போல. ஒன்றுவிட்டு ஒன்று இருட்டு. மேடையைக் கொஞ்சம் திருப்பினால் இருட்டாக இருந்த மடிப்பு வெளிச்சமாகும், வெளிச்சமாக இருந்தது அணையும். அதோடு ஒரே திசையில் தெளிவான பிளவுக் கோடுகளும் இருந்தால் பெரும்பாலும் சில்வனைட்தான்.

கிரென்னரைட்டும் வலுவாக மின்னும், பிளவும் நன்றாக இருக்கும். ஆனால் அந்த மடிப்புப் பட்டைகள் இருக்காது. காலவரைட்டுக்குப் பிளவே கிடையாது, மின்னலும் அடக்கமானது. சரி, துணுக்கு 10 மைக்ரான்தான், பிளவு தெரியுமளவுக்கு இடமில்லை என்றால்? அப்போது மூன்றையும் நுண்ணோக்கியில் பிரிக்க முயலாதீர்கள். ‘தங்க டெல்லூரைடு, பிரிக்கவில்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

பிஸ்மத் டெல்லூரைடுகள், அதாவது டெல்லூரோபிஸ்மத்தைட்டும் டெட்ரடைமைட்டும், தகடு தகடாக, அடிப்பிளவோடு, சில நேரம் வளைந்தும் இருக்கும். இரண்டையும் கண்ணால் பிரிப்பதாகச் சொல்பவரை நான் நம்புவதில்லை.

சாம்பல் கூட்டத்தில் ஹெஸ்ஸைட் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். அனலைசரில் ஆரஞ்சுப் பழுப்பிலிருந்து கருநீலம் வரை மாறும், பட்டைகளோடு. பெட்சைட் லேசான நீலமோ ஊதாவோ கலந்த சாம்பல். ஐசோட்ரோபிக், அல்லது மிக லேசாக மாறும். சந்தேகம் இருந்தால் அனலைசரை இரண்டு மூன்று டிகிரி விலக்கிவிட்டுச் சுழற்றுங்கள். மங்கலான மாற்றமும் அப்போது தெரியும். கொலரடோயைட்டும் ஐசோட்ரோபிக்தான், ஆனால் பழுப்புச் சாயல், பெட்சைட்டைவிடச் சற்று மங்கல். இரண்டும் ஒட்டிக்கொண்டே வளர்வதால் எல்லையைத் தவற விடுவது சுலபம். மேற்கு ஆஸ்திரேலியாவின் கல்கூர்லியில் ‘கல்கூர்லைட்’ என்று தனிக் கனிமமாகவே பெயர் வைத்திருந்தார்கள். பிறகு பார்த்தால் அது இப்படிப்பட்ட கலவை. எனவே ஒரே துணுக்குக்குள் இரண்டு மூன்று கனிமம் இருக்கலாம் என்று எப்போதும் சந்தேகப்படுங்கள்.

நாக்யாகைட் வேறு ரகம். ஈயம், ஆன்டிமனி, கந்தகம், தங்கம், டெல்லூரியம் எல்லாம் உண்டு. சாம்பல் வெள்ளை, மெல்லிய தகடுகள் வளைந்து நெளிந்து கிடக்கும். ருமேனியாவின் சகரம்ப், அதன் பழைய பெயரான நாக்யாக், இதற்குப் பெயர் கொடுத்த இடம்.

ஆக்ஸிஜன் பட்ட மேல்மண்டல மாதிரியில் ஓட்டை ஓட்டையாக, பஞ்சு போல, செம்பழுப்பாக ஒன்று தெரிந்தால் அழுக்கு என்று தள்ளிவிடாதீர்கள். டெல்லூரைடு சிதைந்து டெல்லூரியம் போன பின் மிஞ்சும் தங்கம் அப்படித்தான் இருக்கும். கடுகுத் தங்கம் என்பார்கள்.

8. எஸ்.இ.எம்., இ.டி.எஸ்.: பணம் போகும் இடம்

எஸ்.இ.எம். என்பது எலக்ட்ரான் நுண்ணோக்கி. அதோடு இணைந்த இ.டி.எஸ்., துணுக்கிலிருந்து வரும் எக்ஸ்-கதிர்களின் ஆற்றலை வைத்து அதில் என்னென்ன தனிமங்கள் என்று சொல்லும். கருவிக்கு மணிக் கணக்கில் கட்டணம். முதல் தடவை ஆறு மணி நேரம் பதிவு செய்தேன். அதில் நான்கு மணி நேரம் துணுக்குகளைத் தேடுவதிலேயே போனது. இரண்டாவது தடவை, துணுக்கைச் சுற்றி வட்டம் கீறி, 10 மடங்கிலும் 50 மடங்கிலும் படம் அச்செடுத்து, வரிசை எண் போட்டுக் கொண்டுபோனேன். இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. கார்பன் பூச்சு பூசினால் நிறங்கள் மாறிவிடும். ஒளிப்படங்களை அதற்கு முன்பே எடுத்து முடித்திருக்க வேண்டும்.

வரிசையில் இடம் கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம். அதனால் பதிவை முதலில் போடுங்கள், பாலிஷை அந்தத் தேதிக்குக் கிட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே உள்ள பெரிய பொறி, மென்பொருள் தானாக ஒட்டும் பெயர்ச்சீட்டு. கால்சியத்தின் முதன்மை எக்ஸ்-கதிர்க் கோடு 3.69 கிலோ எலக்ட்ரான் வோல்ட், டெல்லூரியத்துடையது 3.77. கருவியால் பிரிக்க முடிவது ஏறத்தாழ 0.13. ஆகவே இரண்டும் ஒரே மேடாகத்தான் தெரியும். கால்சைட்டுக்குப் பக்கத்திலிருக்கும் துணுக்கில் இல்லாத டெல்லூரியம் முளைக்கும், இருக்கும் டெல்லூரியம் கால்சியமாகிவிடும். கால்சியத்தின் இரண்டாவது கோடும் 4.01-இல், டெல்லூரியத்தின் 4.03-ஓடு மோதுகிறது. அதனால் 4.30, 4.57 பக்கம் பாருங்கள். டெல்லூரியம் என்றால் அங்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். கால்சியத்துக்கு அங்கே எதுவும் இல்லை.

அதே போல 2.1-க்கும் 2.45-க்கும் நடுவில் தங்கம், பாதரசம், கந்தகம், ஈயம், பிஸ்மத் ஐந்தும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். அங்கே நின்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். 20 கிலோவோல்ட்டில் இயக்கச் சொல்லி உயர் ஆற்றல் கோடுகளைப் பாருங்கள்: தங்கம் 9.71, பாதரசம் 9.99, ஈயம் 10.55, பிஸ்மத் 10.84. கந்தகத்துக்கு அங்கே கோடே கிடையாது. ஆகவே டெட்ரடைமைட் போன்றவற்றில் கந்தகம் உண்டா என்பதைக் கோடுகளைப் பிரித்துக் கணக்கிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

பின்சிதறல் படத்தில் (துண்டில் பட்டுத் திரும்பித் தெறிக்கும் எலக்ட்ரான்களால் உருவாகும் படம்) இன்னொரு வேடிக்கை. நுண்ணோக்கியில் ஆல்டைட் கலீனாவைவிடப் பளிச். இங்கே சராசரி அணு எண் பேசுவதால் கலீனாதான் ஒரு துளி பிரகாசம். பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிடும்போது குழம்பாதீர்கள்.

வெள்ளி டெல்லூரைடுகளில் எலக்ட்ரான் கற்றை ஒரே புள்ளியில் நின்றால் வெள்ளி இடம்பெயரும். கற்றையைச் சற்று விரித்து, மின்னோட்டத்தைக் குறைத்து எடுக்கச் சொல்லுங்கள். ஹெஸ்ஸைட்டில் வெள்ளி சுமார் 63 சதவீதம், இன்னொரு வெள்ளி டெல்லூரைடான ஸ்டூட்சைட்டில் 57, 58. இந்தச் சின்ன இடைவெளியில் கற்றை செய்யும் சேட்டை உங்கள் கனிமத்தின் பெயரையே மாற்றிவிடும். காலவரைட், கிரென்னரைட், சில்வனைட் வரிசைக்கும் வெள்ளிதான் சாவி. காலவரைட்டில் பெரும்பாலும் 3 சதவீதத்துக்குள், சில்வனைட்டில் பெரும்பாலும் 8 முதல் 13, கிரென்னரைட் நடுவில். துணுக்கு இரண்டு மூன்று மைக்ரான்தான் என்றால் பக்கத்துப் பைரைட்டின் இரும்பும் கந்தகமும் எண்ணில் கலந்துவிடும். அதை வைத்துப் புதுக் கனிமம் கண்டுபிடித்துவிடாதீர்கள்.

கிளம்பும்போது சதவீத அட்டவணை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். மூல நிறமாலைக் கோப்புகளையும் கேட்டு வாங்குங்கள். என் முதல் ஆய்வின் அட்டவணையில் டெல்லூரியம் என்று வந்த மூன்று துணுக்குகள் வெறும் கால்சைட் என்று பிறகு தெரிந்தது அந்தக் கோப்புகளால்தான். கொடுக்க மறந்துவிட்டார்கள், நான் மூன்று முறை கேட்டு வாங்கினேன்.

9. பட்டியல் எழுதும்போது

ஒவ்வொரு துணுக்குக்கும் ஒரு வரி: துண்டு எண், இடம், அளவு, பக்கத்துக் கனிமங்கள், கடினம், சாயல், அனலைசர் நடத்தை, இ.டி.எஸ். கோப்பு எண், பெயர். பெயருக்கு நேரே இரண்டில் ஒன்றை எழுதுங்கள், ‘ஒளியியலில் மட்டும்’ அல்லது ‘வேதியியலிலும் உறுதி’. படிப்பவர் உலோகவியல்காரராக இருந்தால் அவருக்கு இந்த வேறுபாடு பண விஷயம். காலவரைட் சயனைடில் தனித் தங்கத்தைவிட மிக மெதுவாகத்தான் கரையும். வறுப்பதா, இன்னும் மெலிதாக அரைப்பதா என்பதை உங்கள் பட்டியலைப் பார்த்துத்தான் யோசிப்பார்.

கால அளவு: ரெசின் ஓர் இரவு, அரைத்துப் பாலிஷ் செய்ய ஒரு நாள், ஐந்து துண்டைப் பார்க்க இரண்டு மூன்று நாள், கருவி வரிசை தனி. கார்பன் பூச்சை எடுக்க வேண்டுமானால் ஒரு மைக்ரான் டயமண்டில் தேய்த்தாலே போய்விடும். ஆனால் மிகச் சின்னத் துணுக்குகளும் அதோடு போகலாம், முன்பே படம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தேயுங்கள்.